ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவரிடம் ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்பதற்கு மேல் என்ன சொல்லலாம்?

பாலாறு செவிலி (சமுதாய செவிலியர், காட்பாடி)

இதயச் செயலிழப்போடு (ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகி உடம்புக்குப் போதுமான ரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) வீடு திரும்புகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் உப்பு, தண்ணீர், மாத்திரை, எடை எல்லாம் விவரமாக எழுதிக் கொடுக்கிறோம். மனசு பற்றி வரும்போது மட்டும் ‘டென்ஷன் கூடாது’ என்று ஒரு வரி. அந்த மனிதருக்குக் கடன் இருக்கிறது, வேலை போய்விடுமோ என்ற கவலை இருக்கிறது, ராத்திரி மூச்சு முட்டுமோ என்ற பயம் இருக்கிறது. இவை எதற்கும் அந்த வரி உதவுவதில்லை. மன அழுத்தம் இந்த இதயத்தை எப்படிப் பாதிக்கிறது, வீட்டிலேயே என்ன செய்யலாம், எதை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று பிரித்துச் சொன்னால் களத்தில் பயன்படும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் நண்பர்கள் எழுதுங்கள்.

எக்கோ அறை (இதயநோய் மருத்துவர்)

உடம்புக்குள் நடப்பதிலிருந்து தொடங்குகிறேன். பயமோ கோபமோ கவலையோ, எது வந்தாலும் ஆபத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் சிம்பதெடிக் நரம்புகள் முடுக்கப்பட்டு அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் ஏறும். நல்ல இதயம் இதைச் சமாளித்துக்கொள்ளும். செயலிழந்த இதயத்தில் நார்அட்ரினலின் ஏற்கெனவே அதிகம். அதன் மேல் இதுவும் ஏறினால் மூன்று இடத்தில் அடி விழும்.

ஒன்று, துடிப்பு. நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.86 வினாடி. 110 ஆனால் 0.55 வினாடி. குறைகிற நேரத்தில் பெரும்பங்கு இதயம் தளர்ந்து ரத்தத்தை வாங்குகிற நேரம்தான். இதயத் தசைக்கே ரத்தம் போவதும் முக்கியமாக அந்த நேரத்தில்தான். அறை நிரம்பாமல் தள்ளினால் பின்னால் அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் கோக்கும். இரண்டு, ரத்தக்குழாய்கள் சுருங்கும். பாதி மூடிய வால்வை எதிர்த்து மோட்டார் ஓடுகிற மாதிரி, பலவீனமான தசை கூடுதல் எதிர்ப்பைத் தள்ள வேண்டியிருக்கும். மூன்று, சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அது கிளப்பிவிடும் ஆஞ்சியோடென்சின், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் வழியாக உப்பும் நீரும் உடம்பில் தங்கும். முதல் இரண்டும் நிமிடக் கணக்கில் நடப்பவை. மூன்றாவது நாள்கணக்கில் நடப்பது. அதனால்தான் ஒரு சண்டை அன்றைக்கே மூச்சுத் திணறலாகத் தெரிகிறது, ஒரு துக்கம் அடுத்த வாரம் கால் வீக்கமாகத் தெரிகிறது.

நாம் கொடுக்கும் முக்கிய மாத்திரைகளைப் பாருங்கள். பீட்டா பிளாக்கர் அட்ரினலினைத் தடுக்கிறது. ராமிப்ரில், சாக்குபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் அந்த ரெனின் வரிசையைத் தடுக்கின்றன. மாத்திரை அடைக்கிற அதே பாதையை மன அழுத்தம் உள்ளிருந்து திறந்துவிடுகிறது. மனசைக் கவனிப்பது சிகிச்சைக்கு வெளியே இருக்கிற நல்லுபதேசம் இல்லை, சிகிச்சையின் ஒரு பகுதி.

நடத்தை வழியாக வரும் சேதமும் குறைந்ததல்ல. மனம் விட்டுப்போனவர் முதலில் விடுவது மாத்திரையை, அடுத்து நடையை. பீடியும் மதுவும் திரும்ப வருவதும் அப்போதுதான்.

இயன்முறை ஆற்காடு (பிசியோதெரபிஸ்ட்)

டாக்டர் சார், பயத்தின் பெரிய ஊற்று எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்தான். இஎஃப் 30 என்று பார்த்ததும் ‘இதயத்தில் 70 பங்கு போச்சு’ என்று வீட்டில் எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எக்கோ அறை

இதை ஒவ்வொரு முறையும் வாய்விட்டு விளக்கியே ஆக வேண்டும். இடது கீழறையில் நிரம்பியிருக்கும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் இஎஃப். ஆரோக்கியமான இதயமே நூறையும் தள்ளாது, 55 முதல் 70 வரைதான். ஆகவே 30-ஐ 60-ஓடு ஒப்பிட வேண்டும், நூறோடு அல்ல. நான்கு வகை மருந்தையும் (பீட்டா பிளாக்கர், ராமிப்ரில் அல்லது சாக்குபிட்ரில்-வல்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை) சரியான அளவுக்கு ஏற்றினால் சில மாதங்களில் பலருக்கு அந்த எண் உயர்கிறது. மீதி ஆயுளை அந்த எண் சொல்லாது. சீட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால் பல ராத்திரித் தூக்கம் மிஞ்சும்.

குடியாத்தம் ஆலோசகர் (மருத்துவ உளவியல்)

பதற்றம், மனச்சோர்வு, அன்றாட மன அழுத்தம் மூன்றையும் ‘டென்ஷன்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். செய்ய வேண்டியது மூன்றுக்கும் வேறு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. நாமாகக் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கேட்பதற்கு இரண்டே கேள்வி போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு கனத்து, நம்பிக்கை இல்லாமல் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒன்பது கேள்விப் படிவம். அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு மதிப்பீடு.

ஒரு எச்சரிக்கை. அந்த ஒன்பதில் களைப்பு, தூக்கம், பசி பற்றிய கேள்விகளும் உண்டு. அவை இதயத்தாலேயே வரலாம். நாட்டமின்மை, நம்பிக்கையின்மை, குற்ற உணர்வு, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். கடைசிக் கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எக்கோ அறை

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘இது மனசு சம்பந்தப்பட்டது’ என்று எழுதுமுன் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (இவை இரண்டும் இரும்புச்சத்தைக் காட்டுபவை), தைராய்டு, சோடியம், சர்க்கரை. ஃபெரிட்டின் 100-க்குக் கீழே, அல்லது 100 முதல் 299 வரை இருந்து சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் அந்த நோயாளி சோர்ந்துதான் கிடப்பார். துடிப்பின் தாளத்தைச் சீராக்கும் அமியோடரோன் எடுப்பவருக்குத் தைராய்டு ஏறினால் படபடப்பு, இறங்கினால் மந்தம். இரண்டும் மனநோய் வேஷத்தில் வரும். டிஜாக்ஸின் என்ற இதய மாத்திரை எடுக்கும் பெரியவர் திடீரென்று சாப்பிட மறுத்து, குழம்பிப் பேசினால் அது விரக்தி என்று விட்டுவிடாதீர்கள். மருந்து அளவு கூடியிருக்கலாம்.

மருந்துக்கட்டு (மருந்தாளுநர், இராணிப்பேட்டை)

மருந்துக் கடைப் பக்கத்திலிருந்து. மனச்சோர்வுக்கு இந்த நோயாளிகளிடம் அதிகம் பழகிய மருந்து செர்ட்ராலின். 25 மி.கி.-இல் தொடங்கி 50-க்கு ஏற்றுவார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்து நாளில் ‘வேலை செய்யலை’ என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. நீர் மாத்திரையோடு சேரும்போது சோடியம் இறங்கக்கூடும், பெரியவர்களுக்குக் குறிப்பாக. தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் ஒருமுறை சோடியத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் இருந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும்.

மனச்சோர்வுக்கான மற்ற மருந்துகளில் எசிட்டலோபிராம், சிட்டலோபிராம் இரண்டும் ஈசிஜி-யில் க்யூடி இடைவெளியை நீட்டக்கூடியவை, அது அதிகம் நீண்டால் துடிப்பின் தாளம் கெடலாம். 60 வயதுக்கு மேல் சிட்டலோபிராம் 20 மி.கி. தாண்டக் கூடாது. ஃப்ளூஆக்ஸிடின், பராக்ஸிடின் இரண்டும் மெட்டோபிரோலால், கார்வெடிலால் உடைவதைத் தடுக்கும். அதே அளவு பீட்டா பிளாக்கரே இரட்டிப்பாக வேலை செய்து நாடி 50-க்குக் கீழே போகலாம். இங்கே நான் அதிகம் கவலைப்படுவது அமிட்ரிப்டிலின். சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் 10 மி.கி. என்று வேறொரு சீட்டில் வந்து சேரும். துடிப்பைக் கூட்டும், தாளத்தைக் கெடுக்கும். பழைய சீட்டு, புதிய சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பீட்டா பிளாக்கர்தான் மனச்சோர்வைக் கொண்டுவருகிறது என்ற பழைய நம்பிக்கையில் தாங்களாக நிறுத்துகிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அது உறுதிப்படவில்லை. களைப்பும் விசித்திரக் கனவும் சிலருக்கு வரும், அதற்கு அளவையோ மருந்தையோ மாற்றலாம். சட்டென நிறுத்தினால் துடிப்பு எகிறும், ஆபத்து.

கிராம மருத்துவர் அணைக்கட்டு

எல்லாம் சரி. ஆனால் ராத்திரி பயத்தில் விழித்துக் கிடக்கிறவருக்கு அல்பிராசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரை 0.25 மி.கி. கொடுத்தால் அன்றைக்குத் தூங்குகிறாரே. அதையும் வேண்டாம் என்றால் அந்த ஒரு ராத்திரிக்கு என்ன செய்வது?

குடியாத்தம் ஆலோசகர்

ஒரு ராத்திரி என்று தொடங்குவது மாதக்கணக்கில் நீள்வதுதான் பிரச்சினை ஐயா. பழகிவிடும். நிறுத்தும்போது பதற்றம் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். பெரியவர்கள் விடிகாலையில் எழுந்து போகும்போது விழுவார்கள்.

எக்கோ அறை

அதைவிட முக்கியமானது ஒன்று. ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளிடம் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது மிகச் சாதாரணம். அதன் மேல் மயக்க மாத்திரை போடுவது சரியில்லை. தூக்கம் ஏன் கெடுகிறது என்று முதலில் பாருங்கள். நீர் மாத்திரையின் இரண்டாவது வேளையை ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் விடிய விடியச் சிறுநீர்தான். காலையிலும், மீறினால் மாலை 4 மணிக்கு முன்பும் முடித்துவிடச் சொல்லுங்கள். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது என்றால் அது தூக்கப் பிரச்சினை இல்லை, நீர் கோத்திருக்கிறது. அங்கே மருந்து நீர் மாத்திரைதான், அல்பிராசோலம் இல்லை.

பாலாறு செவிலி

அங்கேதான் என் அடுத்த கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்தால் இதயமா பதற்றமா என்று வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எக்கோ அறை

முழுக்கப் பிரிக்க முடியாது, ஒன்று மற்றதைக் கிளப்பிவிடும். அதனால் முதல் சந்தேகம் எப்போதும் இதயத்தின் மேல்தான் இருக்க வேண்டும். அடையாளம் சொல்கிறேன். படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுப்பி, உட்கார்ந்தால் மெதுவாகக் கால் மணி, அரை மணியில் தணிந்து, கூடவே இருமலும் இருந்தால் நுரையீரலில் நீர். பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய் இறங்கும், விரல் நுனியும் உதடும் மரமரக்கும், படுத்திருந்தாலும் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது: கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள், முதுகுக்குத் தலையணை. சிறிய மின்விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்புங்கள். முகத்தில் காற்று படுவதே மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கும். சுற்றி நின்று ஆளாளுக்குப் பேச வேண்டாம், ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் பாருங்கள். 90-க்குக் கீழே, அல்லது ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, நுரையாகச் சளி, நெஞ்சு வலி, மயக்கம் எது இருந்தாலும் 108. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

‘கேஸ்’ என்று நினைத்துக் கோலி சோடாவோ பொங்குகிற உப்புப் பொட்டலமோ கொடுப்பதும் கூடாது. அந்தப் பொட்டலத்தில் இருப்பது சோடியம்.

இயன்முறை ஆற்காடு

மூச்சுப் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக விட்டால் இந்த நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் அளவு மேம்படுவதை இத்தாலிய ஆய்வாளர்கள் 1998-இலேயே காட்டினார்கள். ஆனால் நிமிடத்துக்கு 22 மூச்சு விடுகிறவரை முதல் நாளே ஆறுக்குக் கொண்டுபோனால் தலை சுற்றும், ‘மூச்சு பத்தலை’ என்று பயம் கூடும். நாற்காலியில் சாய்ந்து, இடுப்புத் துணியைத் தளர்த்தி, கையை மேல்வயிற்றில் வையுங்கள். மூக்கால் 2 எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து 3 எண்ணும் வரை விடுவது முதல் வாரம், இரண்டு நிமிடம் மட்டும். பழகப் பழக 3-4, பிறகு 4-6. நான்கும் ஆறும் சேர்ந்தால் பத்து வினாடி, அதுதான் நிமிடத்துக்கு ஆறு. காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். மூச்சை அடக்குவது, கபாலபாதி, பஸ்திரிகா இவர்களுக்கு வேண்டாம்.

நடை: ஐந்து நிமிடம் காலை, ஐந்து நிமிடம் மாலை என்று தொடங்கி வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. 2,331 பேரை வைத்து நடந்த எச்எஃப் ஆக்‌ஷன் ஆய்வில் உடற்பயிற்சி செய்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் ஓரளவு குறைந்தன. ஓரளவுதான், ஆனால் பக்கவிளைவு இல்லாத ஓரளவு. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது ஏழு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள், இல்லையேல் வீட்டுக் கூடத்திலேயே நடங்கள். எடை திடீரென்று அதிகமாக ஏறியிருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம்.

கிராம மருத்துவர் அணைக்கட்டு

மனசைச் சரி செய்தால் இதயமும் சரியாகி ஆயுள் கூடும் என்று சொல்லலாமா?

எக்கோ அறை

அப்படி வாக்குக் கொடுக்காதீர்கள். 2010-இல் 469 பேரை வைத்து வந்த சாட்ஹார்ட்-சிஎச்எஃப் ஆய்வில் செர்ட்ராலின் பாதுகாப்பாக இருந்தது, ஆனால் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மனச்சோர்வைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. 2016-இல் ஜெர்மனியில் 372 பேரிடம் எசிட்டலோபிராமைப் பார்த்தபோதும் இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. இரண்டிலும் வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கும் செவிலியர் கவனிப்பும் தொடர்ச்சியான பேச்சும் கிடைத்தன, அவர்களும் தேறினார்கள். மாத்திரை தேவைப்படுகிறவருக்கு மாத்திரை கொடுங்கள். அதற்கு முன்பே வாராவாரம் ஒரு தொலைபேசி அழைப்பு போகட்டும்.

குடியாத்தம் ஆலோசகர்

எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சின் வழியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையைப் பார்த்த ஆய்வில் மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. ஆனால் உப்பு, மாத்திரை, எடை பார்க்கும் ஒழுக்கம் அதனால் தானாக மேம்படவில்லை. ஆக இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வாணியம்பாடி உணவியல்

உணவுக் கட்டுப்பாடே வீட்டில் சண்டைக்குக் காரணமாவதையும் பாருங்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். காலையில் அவருக்கென்று அளந்து சிறு டப்பாவில் போட்டு வையுங்கள், அன்றைய சமையல் அதிலிருந்துதான். அப்பளம், ஊறுகாய், கருவாடு, வற்றல் இருந்தால் அந்தக் கணக்கு அப்போதே உடைந்துவிடும். ஆம்பூர் பிரியாணி ஆசை வந்தால் கடையில் வேண்டாம். வீட்டில் உப்பைப் பாதியாக்கி, இஞ்சி, பூண்டு, புதினா, எலுமிச்சையைக் கூட்டிச் செய்து கொடுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம். ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

தண்ணீர் பற்றிப் புதிதாக ஒன்று தெரிந்திருக்கிறது. நோய் நிலையாக இருக்கும் வெளிநோயாளிகளுக்கு ஒன்றரை லிட்டர் கட்டுப்பாட்டையும் கட்டுப்பாடில்லாமல் குடிப்பதையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2025-இல் வந்தது. கட்டுப்பாட்டால் உடல்நிலையில் தெளிவான லாபம் இல்லை, தாகத்தின் அவஸ்தை மட்டும் கூடியது. வேலூர் மே மாதத்தில் தாகமே பெரிய மன உளைச்சல். சோடியம் குறைந்தவர், வீக்கம் அடங்காதவர் தவிர மற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு தேவையா என்று மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள்.

தோல்ஷாப்பு தோழர் (மருத்துவ சமூகப் பணி, ஆம்பூர்)

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே ஷூ கம்பெனியிலும் தோல் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவருக்கு முதல் கவலை கூலி போவதுதான். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் நோய்விடுப்புக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் இதயச் செயலிழப்பு இருக்கிறது. இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக வேலை செய்து சந்தா கட்டியவருக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழி உண்டு. இது தெரியாமலேயே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ராஜினாமா செய்யுமுன் இஎஸ்ஐ மருத்துவமனைச் சான்று வாங்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள். உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான் அது பெரிதும் உதவும், மாத மாத்திரைக்கு அல்ல.

மருந்துக்கட்டு

மாத மாத்திரைக்கு: டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை 2020-இலும், சாக்குபிட்ரில்-வல்சார்டன் 2023-இலும் முடிந்து ஜெனரிக் (அதே மருந்தை மற்ற கம்பெனிகள் விற்பது) நிறைய வந்துவிட்டன. பழைய பிராண்டு பெயரிலேயே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் டாக்டரிடம் மூலப்பெயரில் எழுதச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். காசில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. ‘போன மாசம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?’ என்று கேட்டால் சொல்வார், ‘ஒழுங்கா போடறீங்களா?’ என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

கிராம மருத்துவர் அணைக்கட்டு

உடம்பில் நீர் தங்குகிறதா என்று அறியத் தினமும் எடை பார்க்கச் சொல்வதே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டுகிறது. நாளுக்கு நாலு தடவை தராசில் ஏறி நிற்கிறார்கள். விட்டுவிடச் சொல்லலாமா?

பாலாறு செவிலி

விட வேண்டாம் ஐயா, ஒழுங்குபடுத்தினால் போதும். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுமுன், ஒரே மாதிரி உடையில், சமதளத் தரையில் ஒருமுறை. பிறகு தராசு பீரோவுக்குள். அரைக் கிலோ ஏற்ற இறக்கத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே, டாக்டர் சொன்ன கூடுதல் நீர் மாத்திரை அளவோடும் அழைக்க வேண்டிய எண்ணோடும் எழுதிவைக்க வேண்டும். எதுவும் எழுதாமல் எண்ணை மட்டும் பார்க்கச் சொன்னால்தான் பயம் வரும். எடைக்குப் பக்கத்திலேயே ‘நேற்று மனசு’ என்று 0 (நிம்மதி) முதல் 10 (தாங்க முடியாத உளைச்சல்) வரை ஒரு கட்டம் போடலாம். 7-க்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் வந்தால் அதற்கும் அதே எண்ணுக்கு அழைப்பு.

குடியாத்தம் ஆலோசகர்

அந்தக் கட்டம் நல்ல யோசனை அக்கா. கவனித்துக்கொள்கிறவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம் 1957 முதலே குடும்பத்தாரைக் கூட வைத்துச் சிகிச்சை தரும் முறையை வளர்த்தது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இதய நோயிலும் பெரும்பாலும் மனைவியோ மருமகளோதான் ராத்திரி முழுக்க மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறார். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறொருவர் அந்த அறையில் படுக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். அவரிடமும் அதே இரண்டு கேள்வியைக் கேளுங்கள், நோயாளி இல்லாத இடத்தில்.

இயன்முறை ஆற்காடு

ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும், உடம்புக்குள் பொருத்தும் கருவி) வைத்தவர்களைப் பற்றிப் பேச விட்டுப்போயிற்று. ஒருமுறை ஷாக் வாங்கியவர் அதற்குப் பிறகு நடக்கவே பயப்படுகிறார்.

எக்கோ அறை

அவர்களுக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒரு ஷாக், பிறகு உடம்பு சரியாக இருக்கிறது என்றால் அன்றைக்கே கிளினிக்குக்குச் சொன்னால் போதும். 24 மணி நேரத்தில் இரண்டு அல்லது மேலே, அல்லது ஒன்றேயானாலும் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம் இருந்தால் 108. கருவியைச் சோதித்தபின் எந்தத் துடிப்பு வரை நடக்கலாம் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கருவி ஷாக் கொடுக்கும் எல்லைக்கு 10 முதல் 20 துடிப்பு கீழேயே நிறுத்துவது வழக்கம். அந்த எண் கையில் இருந்தால் உங்கள் பக்கத்தில் நடக்க அவருக்குத் தைரியம் வரும். முதல் சில நாள் நாடியைப் பிடித்துக்கொண்டே கூட நடங்கள்.